பரிசல் வாங்கப் போகிறீர்களா?

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பாட்டிமார்கள் சொல்வதுண்டு. "சரி பாட்டி, ஓடம் வாங்குவது எப்படி?" என்று திருப்பிக் கேட்டிருந்தால், பாவம், பாட்டி திருதிருவென்று விழித்திருப்பாள்!

மாடு வாங்குவது எப்படி என்று நமக்குத் தெரியும். பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறோம். லாரி வாங்கும் விஷயத்திலோ நாமக்கல்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வெறும் சட்டமாக வரும் வண்டிக்கு உடம்பு கட்டிக் காஷ்மீரம் வரை அனுப்புகிறவர்கள் அவர்கள். ஆனால் சேலத்துக்காரரையோ நாமக்கல்காரரையோ நிறுத்தி, "ஐயா, ஒரு படகு வாங்க வேண்டும். யோசனை சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார். "இங்கே ஏது சமுத்திரம்?" என்பார்.

சமுத்திரம் இல்லைதான். ஆனால் அதற்குத் தம்பி மாதிரி ஒன்று இருக்கிறது. மேட்டூரில் அணை கட்டும் வேலை 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடிந்தது. அப்போது சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த ஸ்டான்லி துரையின் பெயரைத் தேக்கத்துக்கு வைத்தார்கள். 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதாவது ஒன்பதாயிரத்து முந்நூறு கோடிக் கன அடிக்கு மேல். பரப்போ ஏறக்குறைய 59 சதுர மைல். இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரை ஒரு நீலக் கோடு மாதிரி தெரியும். இதற்கு மேல் சமுத்திரம் வேண்டுமென்றால் உப்பைத்தான் போட வேண்டும்!

க்ரூஸரும் பரிசலும்

மேல் நாடுகளில் 'க்ரூஸர்' என்று ஒரு தினுசுப் படகு உண்டு. நடுத்தரக் குடும்பஸ்தர் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அதை வாங்க ஆசைப்படுவார். உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளிக்கும் அறை எல்லாம் இருக்கும். சனிக்கிழமை மனைவி மக்களுடன் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கலாம். முதல் தடவை வாங்குகிறவரிடம் அனுபவசாலிகள் சில கேள்விகள் கேட்பார்களாம். எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறீர்? எத்தனை பேர் ஏறுவீர்கள்? புதிதா, பழையதா? வாங்கிய பிறகு எங்கே நிறுத்துவீர்? பராமரிப்புக்கு என்ன செய்வீர்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் பளபளப்பைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்தவர்கள், பிற்பாடு வாங்கிய விலைக்குப் பாதிக்கு விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள் என்பது படகு உலகத்தின் பழைய கதை.

இதே கேள்விகளை ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத ஒரு பெரியவர் கேட்டதை நான் என் காதாலேயே கேட்டேன். இடம்: சேலம் ஜில்லா, கொளத்தூருக்குப் பக்கத்தில், மேட்டூர்த் தேக்கத்தின் கரையிலுள்ள பண்ணவாடி பரிசல் துறை.

அந்தத் துறையைப் பற்றி இரண்டு வார்த்தை. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்கள் பல. ஜனங்கள் மேட்டுக்கு வந்துவிட்டார்கள், கோயில்கள் வரவில்லை. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முதுகைக் காட்டும். பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் எட்டிப் பார்க்கும். எதிர்க்கரை நாகமரை, தர்மபுரி ஜில்லா. நீர்வழியே போனால் கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். சாலை வழியே போனாலோ தேக்கத்தையே பிரதட்சணம் செய்ய வேண்டும். ஆகவே அந்தக் கரையில் படகு என்பது உல்லாசத்துக்கு அல்ல. சந்தைக்கும் பெண் பார்க்கவும் அதில்தான் போகிறார்கள். வலை வீசிக் கட்லாவும் வாளையும் கெளுத்தியும் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கோ அது வயலும் ஏரும் மாதிரி.

நான் போன தினத்தில் அங்கே ஒரு இளைஞன் தன் முதல் பரிசலை வாங்க வந்திருந்தான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரோடு பிழைக்கலாம் என்று திரும்பியவன். கூட மனைவி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. அவள் காதில் தோடு இருக்க வேண்டிய இடத்தில் ஈர்க்குச்சி இருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கரையில் மூன்று விதப் பரிசல்கள். ஒன்று, தார் மினுமினுக்கும் பழைய பரிசல், விலை மலிவு. இரண்டாவது, மினி லாரியில் வந்து இறங்கியிருந்த புத்தம் புது ஃபைபர் பரிசல். விலை ஜாஸ்தி, ஆனால் தவணையில் தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். (ஓடம் வண்டியில் ஏறிவிட்டது, பார்த்தீர்களா!) மூன்றாவது, இன்னும் பரிசலே ஆகவில்லை, தரையில் மூங்கில் பிளாச்சுகளாகக் கிடந்தது.

இளைஞனின் கண் முதல் பரிசல் மேல் இருந்தது. பெரியவரின் கட்டை விரலும் அதன் மேல்தான் இருந்தது.

தாருக்குள்ளே என்ன?

பெரியவர் அவனுக்குத் தூரத்து உறவில் மாமா முறை. நாற்பது வருஷமாகத் துடுப்புப் போட்டவர். மினுமினுத்த பரிசலைக் கவிழ்க்கச் சொன்னார். சுற்றி வந்து கட்டை விரலால் அங்கங்கே அழுத்தினார். ஒரு இடத்தில் விரல் லேசாக உள்ளே போயிற்று.

"ஏங்கண்ணு, இங்க அழுத்திப் பாரு. தாரு நேத்துப் பூசினது. மூங்கிலு எப்பப் போச்சோ!" என்றார்.

உள்பக்கம் திருப்பினார். பிளாச்சு இடுக்கில் மாவு மாதிரி வெள்ளையாகத் தூள் உதிர்ந்து கிடந்தது. மூங்கிலுக்குச் சத்துரு தண்ணீரல்ல, உளு. பூச்சி உள்ளே இருந்துகொண்டு தின்னும். வெளியே தோல் அப்படியே நிற்கும். நன்றாக முற்றின மூங்கிலில் உளு அவ்வளவு சீக்கிரம் விழாது. இளம் மூங்கிலில் இனிப்பும் மாவுச் சத்தும் அதிகம், ஆகவே பூச்சிக்கு அது பலகாரம்.

பழைய பரிசல் வாங்குகிறவர்களுக்கு அவர் சொன்ன சோதனைகளை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். பரிசலுக்கு எலும்பு அதுதான். விளிம்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கையாலும் முறுக்கினால் சற்று வளைய வேண்டும், முனகக் கூடாது. அடுத்தபடி, தண்ணீரில் விட்டு, ஆள் எடைக்குக் கல்லை ஏற்றி, ஒரு நாழிகையாவது சும்மா வைக்க வேண்டும். பிறகு உள்ளே தரையைக் கையால் தடவிப் பார்த்தால் எங்கே ஈரம் கசிகிறது என்று தெரிந்துவிடும். விற்கிறவர், "அவ்வளவு நேரம் எதற்கு, ஐந்து நிமிஷம் போதாதா?" என்று அவசரப்பட்டால் அதுவே பதில்!

"பல்லு விழுந்த மாட்டுக்குக் கொம்புல பெயிண்டு அடிச்சா இளங்கன்னு ஆயிருமா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் கையைத் தட்டிக்கொண்டார். முதல் பரிசல் கதை முடிந்தது.

எந்தத் தண்ணீருக்கு எந்தப் படகு?

பரிசல் என்பது கிண்ணம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடியில் கத்தி மாதிரி தண்ணீரைக் கிழிக்கும் கட்டையும் இல்லை. இதுவே அதன் பலம், இதுவே அதன் பலவீனம்.

ஒகேனக்கல்லைப் பாருங்கள். 1965-ல் தர்மபுரி தனி ஜில்லாவாகும் வரை அது சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். அங்கே காவேரி பாறைக்குப் பாறை இடித்துக்கொண்டு வருகிறாள். நீளப் படகு விட்டால் குறுக்கே சிக்கி இரண்டாகும். பரிசலோ பாறையில் பட்டால் ஒரு சுற்றுச் சுற்றி நழுவிவிடும். மூங்கில் வளைந்து கொடுக்கும். ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் மிதக்கும்.

மேட்டூர்த் தேக்கத்தில் சமாசாரம் வேறு. பாறை இடி இல்லை. காற்று இடி உண்டு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் கிண்ணம் என்ன ஆகும்? அடிக்கட்டை இல்லாத பரிசலைக் காற்று இலை மாதிரி தள்ளிக்கொண்டு போகும். பரந்த நீர்ப்பரப்பில் அலை எழும்பும். விளிம்பு தாழ்வான பரிசலுக்குள் அது எட்டிப் பார்க்கும். ஆகவே தேக்கத்துக்கு வாங்குகிறவர் விளிம்பு உயரமானதாகப் பார்த்து வாங்க வேண்டும். காற்றுக் காலத்தில் கரையோரத்தைவிட்டுப் போகாமலிருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னும் கீழே வாருங்கள். பூலாம்பட்டியில் கதவணை இருப்பதால் தண்ணீர் தெப்பக்குளம் மாதிரி நிற்கிறது. அங்கிருந்து ஈரோடு ஜில்லா நெருஞ்சிப்பேட்டைக்கு மோட்டார்ப் படகிலேயே ஜனங்களும் மோட்டார் சைக்கிள்களும் சேர்ந்து போகிறார்கள். அங்கே அந்தப் படகுதான் சரி. அதே படகை ஒகேனக்கல் பாறைகளுக்கிடையே விட்டால்? 'இது நல்ல படகா?' என்று கேட்பது அரைக் கேள்வி. 'எந்தத் தண்ணீருக்கு?' என்பதையும் சேர்த்தால்தான் முழுக் கேள்வி.

ஓர் ஆளுக்கு ஓர் அங்குலம்

அடுத்த கேள்வி, எத்தனை பேர்? இங்கேதான் ஆசை மனிதனை ஆழத்தில் இறக்கிவிடுகிறது.

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாலாம் வகுப்புக் கணக்குதான். ஒரு பரிசல் தண்ணீரைத் தொடும் இடத்தில் அதன் விட்டம் 6 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறக்குறைய 28 சதுர அடி. அது ஓர் அங்குலம் அமிழ்ந்தால் ஒதுக்கும் தண்ணீர் இரண்டேகால் கன அடிக்குச் சற்று அதிகம். ஒரு கன அடித் தண்ணீரின் எடை 28 கிலோ சொச்சம். ஆக, ஓர் அங்குலத்துக்கு 66 கிலோ. அதாவது சராசரியாக ஓர் ஆள்! ஆள் ஒன்றுக்கு ஓர் அங்குலம் என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

விட்டம் நாலரை அடியானால் இதே ஆள் ஏறும்போது முக்கால் அங்குலம் கூடுதலாக அமிழும். எட்டடியானால் ஓர் அங்குலத்துக்கு 118 கிலோ தாங்கும். பரிசலின் பக்கம் சாய்ந்து விரிந்திருப்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் வாங்குகிறவருக்கு இது போதும்.

"அப்படியானால் ஒன்றரை அடி ஆழப் பரிசலில் பதினைந்து பேர் ஏறலாமே!" என்று கெட்டிக்காரர் ஒருவர் சொல்லக்கூடும். இந்தக் கணக்கு எல்லோரும் அசையாமல் பரவலாக உட்கார்ந்திருக்கும் வரைதான் செல்லும். எழுந்து நின்றாலோ, நாலு பேர் ஒரே பக்கம் சாய்ந்தாலோ அந்தப் பக்கத்து விளிம்பு அங்குலக் கணக்கிலா இறங்கும்? ஒரேயடியாக இறங்கிவிடும்.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் இரட்டைத் தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். மிருகங்களைப் பார்க்கும் ஆவலில் ஜனங்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் படகு சாய்ந்தது என்று அப்போது சொன்னார்கள். 2023 மே 7-ல் கேரளத்துத் தானூரில் 22 பேர் போனார்கள். அது மீன்பிடிப் படகாகப் பிறந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்ட படகு. ஏற்ற வேண்டியதற்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டும் நேரத்தில் கிளம்பியது. ஒரு வேலைக்குச் செய்த படகை வேறு வேலைக்குத் திருப்புவதும், 'இன்னும் ஒருத்தர்தானே' என்று ஏற்றிக்கொள்வதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எங்கள் இளைஞனுக்கும் அந்த ஆசை இருந்தது. "பெருசா வாங்கினா மீனும் பிடிக்கலாம், லீவு நாள்ல ஆளும் ஏத்தலாமுங்க மாமா" என்றான்.

"ஆள ஏத்தற பரிசலு வேற, வலை போடற பரிசலு வேற கண்ணு. மொதல்ல உன் ஒருத்தன் உசுரக் கரை சேத்தப் பழகு. ஊரான் உசுரு அப்புறம்" என்றார் பெரியவர்.

பாபிலோனிலிருந்து பண்ணவாடி வரை

பெரியவருக்குத் தெரியாத ஒன்று, அவருடைய பரிசலுக்கு உலகமெங்கும் பங்காளிகள் உண்டு என்பது. இரண்டாயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்பே கிரேக்க நாட்டு ஹெரோடோட்டஸ் பாபிலோனில் வட்டப் படகுகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதி வைத்தார். வடக்கே மலை நாட்டில் மரக்கிளையை வளைத்துத் தோல் போர்த்திச் செய்வார்களாம். சரக்கோடு ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையும் ஏறுமாம்! ஊர் வந்ததும் சரக்கை விற்று, படகின் கூட்டையும் விற்று, தோலை மட்டும் கழுதை மேல் போட்டுக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்களாம். ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போட முடியாதல்லவா?

1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடை மாதிரி வட்டப் படகில் பதினைந்து இருபது பேர் கடப்பதைக் கண்டார். 1803-ல் தக்காணத்தில் மராட்டியருடன் சண்டை செய்த ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் நெப்போலியனை முறியடித்த அதே வெல்லிங்டன் பிரபு, ஆற்றைக் கடக்கப் பட்டாளத்துக்குக் கூடைப் படகு செய்யச் சொன்னார். சென்னை மாகாண மீன்துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நம் பரிசலையும் வேல்ஸ் தேசத்துப் பரிசலையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, நீர்வழிப் போக்குவரத்தைப் பற்றி 1946-ல் பெரிய புத்தகமே வெளியிட்டார்.

எல்லாவற்றிலும் கூடு ஒன்றுதான். சட்டைதான் மாறிக்கொண்டு வருகிறது. முன்னாளில் எருமைத் தோல். தோல் நாறும், ஊறும், காயாவிட்டால் அழுகும். பிறகு பிளாஸ்டிக் சாக்கும் அதன் மேல் தாரும் வந்தன. கிழிந்தால் ஒரு துண்டுச் சாக்கும் கொஞ்சம் தாரும் போதும். கரையிலேயே ஒட்டு வேலை முடிந்துவிடும். இப்போது ஃபைபர். உளு விழாது, தார் வேண்டாம், பல வருஷம் உழைக்கும். ஆனால் பாறையில் மோதி வெடித்தால் அதைச் சரிசெய்ய மருந்தும் கைப்பழக்கமும் வேண்டும். முதலிலேயே மொத்தப் பணம் வேண்டும்.

"ஃபைபரு மோசமில்லீங்க" என்று பெரியவரே ஒப்புக்கொண்டார். "காசு இருந்தா அதையே வாங்கலாம். கடன் வாங்கி வாங்கினா, மீனு பிடிக்கறது இவன், திங்கறது தவணைக்காரன்."

ஆக இரண்டாவது பரிசலும் லாரி பக்கமே நின்றது.

பின்னும் இடம்

மூன்றாவது, தரையில் கிடந்த பிளாச்சு. பரிசல் பின்னுவதைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை அவசியம் பார்க்க வேண்டும். முதலில் அடித்தட்டைத் தரையிலே பின்னுகிறார்கள். மூன்று திசையிலும் பிளாச்சு போவதால் நடுவே ஆறு மூலைக் கண்கள் விழுகின்றன; தேன்கூடு மாதிரி இருக்கும். பிறகு நடுவில் கனமான கற்களை வைத்து அழுத்தி, ஓரங்களை மேலே வளைக்கிறார்கள். தட்டாயிருந்தது கிண்ணமாகிறது. வளைந்த நுனிகளை விளிம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினால் கூடு தயார். மேலே சாக்கு, அதன் மேல் தார்.

பின்னுகிற இடத்துக்கே போய் வாங்குவதில் ஒரு சௌகரியம். தாருக்குள்ளே என்ன இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. தார் பூசுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்குத் தக்க அளவும் சொல்லலாம். துடுப்பும் அப்படித்தான். நெட்டையனுக்குக் குட்டைத் துடுப்பு முதுகு வலி. குட்டையனுக்கு நெட்டைத் துடுப்பு தோள் வலி.

துடுப்பு என்றதும் என் வீரப் பிரதாபம் ஞாபகத்துக்கு வருகிறது. "நானும் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டு ஏறினேன். கால் மணி நேரம் வியர்க்க விறுவிறுக்கத் துழாவினேன். பரிசல் பத்தடி நகரவில்லை. ஆனால் எட்டுத் திக்கையும் நாலைந்து தடவை தரிசனம் செய்துவிட்டேன்! கரையிலிருந்த பிள்ளைகளுக்குச் செலவில்லாத சர்க்கஸ்.

"பக்கத்துல போடாதீங்க தம்பி, முன்னால போடுங்க. தண்ணியக் கிட்ட இழுங்க" என்று பெரியவர் கத்தினார். அதுதான் ரகசியம். பக்கத்தில் துடுப்பைப் போட்டால் வட்டப் படகு சுற்றத்தான் செய்யும். போகும் திசைக்கு முன்னால் துடுப்பை ஊன்றி, இப்படியும் அப்படியும் வளைத்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இது ஒரு நாளில் வராது. பரிசல் வாங்குவதற்கு முன் இன்னொருவர் பரிசலில் ஒரு மாதமாவது துடுப்புப் போட்டிருக்க வேண்டும் என்பது பெரியவரின் சட்டம். க்ரூஸர் வாங்கும் மேல் நாட்டாருக்கும் அனுபவசாலிகள் இதையேதான் சொல்கிறார்கள். முதலில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார், பிறகு வாங்கு.

சர்க்கார் சட்டமும் உண்டு. தேக்கத்தில் வலை போட மீன்துறையின் உரிமம் வேண்டும். மோட்டார் வைத்த படகானால், 1917-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பரிசோதனை, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. ஒகேனக்கல்லில் வெள்ளம் பெருகினால் ஜில்லா நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று அப்போது பரிசல்காரரிடம் கெஞ்சுகிற உல்லாசப் பிரயாணிகள், அவரைத் தம்மோடு சேர்த்து அபாயத்துக்கு இழுக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு தோட்டின் கதை

இத்தனை நேரமும் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விலை பேசி முடியும் சமயத்தில் மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங்க மாமா, இன்னும் ஒரு அடி சின்னதாப் பின்னினா எவ்வளவு குறையுமுங்க?"

பெரியவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். "ஏம்மா?"

"அந்த மிதக்கிற சட்டை இருக்குதுங்களே, போட்டுக்கிட்டா முழுகாதுன்னு சொல்றாங்களே... அது ஒண்ணு வாங்கோணும். எங்கப்பாரு போனது இந்தத் தண்ணியிலதானுங்க. நீச்சல் தெரிஞ்ச மனுசன். வலை கால்ல சுத்திக்கிச்சு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கரையில் அலை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

இளைஞன் தரையைப் பார்த்தான். "அதப் போட்டுக்கிட்டு வலை இழுக்கறது சங்கடமுங்க. எல்லாரும் சிரிப்பாங்க" என்றான்.

"சிரிக்கட்டும்" என்றாள் அவள். அவ்வளவுதான்.

நாற்பது வருஷம் அந்தச் சட்டை இல்லாமலே துடுப்புப் போட்ட பெரியவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பின்னுகிறவரிடம் திரும்பினார். "ஒரு அடி கொறைச்சுப் போடு. விளிம்பு மட்டும் கொறைக்காதே" என்றார்.

லைஃப் ஜாக்கெட் என்கிற அந்தச் சட்டையைப் பற்றியும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. அது உடல் எடைக்குத் தக்கபடி இருக்க வேண்டும். பெரியவர் சட்டை குழந்தைக்கு உதவாது, தலை வழியே கழன்றுவிடும். வார்களை இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொள்வதற்கும், உட்காரும் மெத்தையாகப் போட்டுக்கொள்வதற்கும் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதோடு, தண்ணீரை இறைக்க ஒரு பாதி வெட்டின பிளாஸ்டிக் கேன், ஒரு நீளக் கயிறு, இருட்டினால் காட்ட ஒரு டார்ச், வலை சிக்கினால் அறுக்க ஒரு கத்தி, பாலிதீன் பையில் சுற்றிய செல்போன். இவ்வளவும் சேர்ந்தால்தான் பரிசல் என்பது பெரியவரின் முடிவு. கடைசியில் சேர்ந்த கத்தி, அந்தப் பெண் சொன்னதைக் கேட்ட பிறகு சேர்ந்தது.

நீங்கள் பரிசல் வாங்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் லீவுக்குக் குழந்தைகளை ஏற்காட்டு ஏரிக்கு அழைத்துப் போவீர்கள்; கொல்லிமலை வாசலூர்ப்பட்டிக்கோ ஜேடர்பாளையத்துக்கோ ஒகேனக்கல்லுக்கோ போவீர்கள். படகைக் கண்டதும் குழந்தைகள் குதிப்பார்கள். ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்தப் படகு இந்தத் தண்ணீருக்கு உரியதுதானா? எத்தனை பேருக்கு, எத்தனை பேர் ஏறியிருக்கிறோம்? விளிம்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? குழந்தையின் சட்டை குழந்தைக்கு உரியதா? பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். கூட வந்தவர்கள் சிரித்தால், அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள்: சிரிக்கட்டும்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் மறுபடியும் போக வேண்டியிருந்தது. சாயங்கால வேளை. தூரத்தில் பாதையோரம் ஒரு பெரிய கறுப்பு ஆமை எழுந்து நடந்து வருவது போலிருந்தது. கிட்ட வந்ததும் தெரிந்தது, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு எங்கள் இளைஞன் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். பரிசல் மறைத்ததால் முகம் தெரியவில்லை. கீழே இரண்டு கால்களும், இடுப்புக்கு மேலே இறுக்கிக் கட்டிய ஆரஞ்சு நிறச் சட்டையின் ஓரமும் மட்டும் தெரிந்தன.

கரையேறின பிறகும் அவன் அதைக் கழற்றவில்லை. வீட்டு வாசலில் ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்!